இடுப்பு வலிக்கு நரம்புத் தடுப்பு ஊசி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூன்று மாதங்களைத் தாண்டியும் விடாத வலியை நாள்பட்ட வலி என்கிறோம். மாத்திரை, பெல்ட், தைலம், பிசியோதெரபி எல்லாம் பார்த்துவிட்டு, "முதுகில் ஊசி போடலாம் என்கிறார்கள், போட்டுக்கொள்ளலாமா?" என்று கேட்டு வருகிறவர்கள் ஏராளம். வலி சிகிச்சைப் பிரிவில் இந்த ஊசிகளைப் போடும் மருத்துவர் என்ற முறையில், என்னிடம் வழக்கமாகக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஊசி வேண்டாம் என்று நான் திருப்பி அனுப்புகிறவர்களும் உண்டு. அதற்கான காரணமும் இந்தப் பதில்களில் இருக்கிறது.

நரம்புத் தடுப்பு ஊசி என்றால் என்ன?

வலியைச் சுமந்துசெல்லும் ஒரு குறிப்பிட்ட நரம்பின் அருகில், மரத்துப்போகச் செய்யும் மருந்தைச் செலுத்துவது. பல் பிடுங்கும்போது ஈறில் போடப்படும் அதே வகை மருந்துதான்: லிக்னோகெய்ன் அல்லது பியூபிவகெய்ன். நரம்பின் சவ்வில் சோடியம் நுழைவதற்கான நுண்ணிய வாயில்கள் இருக்கின்றன. அவை வரிசையாகத் திறப்பதால்தான் வலியின் மின்துடிப்பு நரம்பு வழியே நகர்கிறது. மருந்து அந்த வாயில்களை அடைத்துவிடுகிறது. துடிப்பு அங்கேயே நின்றுவிடுவதால் மூளைக்குச் செய்தி போவதில்லை.

இது புதிய வித்தை அல்ல. 1901இலேயே பிரான்சில் சிகார் என்ற மருத்துவர், முதுகுத்தண்டின் அடிவழியாக நீர்த்த கோகெய்னைச் செலுத்தி, சயாட்டிகா என்ற, காலில் இறங்கும் நரம்பு வலியைக் குறைக்க முயன்றார். லிக்னோகெய்ன் 1943இல் சுவீடனில் உருவான பிறகு, ஆபத்து குறைந்த மருந்து கைக்கு வந்தது. இப்போது பல நேரங்களில் அதோடு ஸ்டீராய்டும் சேர்க்கப்படுகிறது.

மரப்பு சில மணி நேரத்தில் தெளிந்துவிடுமே, வலி மட்டும் எப்படிக் குறைந்தே இருக்கும்?

பலரும் கேட்கத் தயங்கும் கேள்வி இது. கேட்டே தீர வேண்டிய கேள்வியும் இதுதான்.

முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல இருக்கும் டிஸ்க் (ஜவ்வு) பிதுங்கி, தண்டுவடத்திலிருந்து நரம்பு கிளம்பும் இடமான நரம்பு வேர் அழுந்தும்போது, வலிக்கு அழுத்தம் மட்டும் காரணமல்ல. டிஸ்க்கின் உள்ளே இருக்கும் கூழ் வெளியே கசிந்து, நரம்பைச் சுற்றி வேதியியல் அழற்சியை உண்டாக்குகிறது. அந்த அழற்சியை ஸ்டீராய்டு தணிக்கிறது. சில நாட்களில் வேலை செய்யத் தொடங்கி, பலருக்குச் சில வாரங்கள் வரை பலன் நீடிக்கும். அதற்குள் உடலே பிதுங்கிய பகுதியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடவும் கூடும். ஆக, ஸ்டீராய்டு அந்த இடைக்காலத்தைக் கடக்க உதவுகிறது.

இன்னொரு வகை ஊசி வலியைப் போக்குவதற்கென்றே போடப்படுவதில்லை. எந்த நரம்பு வலியைச் சுமக்கிறது என்று கண்டுபிடிக்கவே போடப்படுகிறது. வீட்டில் எந்த லைனில் கோளாறு என்று அறிய ஃபியூஸை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பது போன்ற வேலை. அதன் பலன் சில மணி நேரம்தான். ஆனால் அந்தச் சில மணி நேரம் சொல்லும் சேதியை வைத்துத்தான் நீண்டகால சிகிச்சை முடிவாகிறது. ஊசி போட்ட அன்று வலி பறந்துபோய் மறுநாள் திரும்பிவிட்டது, ஏமாற்றிவிட்டார்கள் என்று வருந்தி வருகிறவர்களில் பலருக்குப் போடப்பட்டது இந்தச் சோதனை ஊசிதான். அதை முன்கூட்டியே விளக்கிச் சொல்லாதது மருத்துவர்களாகிய எங்கள் தரப்பின் குறை.

எல்லோருக்கும் ஒரே ஊசிதானா?

இல்லை. இடுப்பு வலி என்ற ஒரே பெயருக்குள் பல வலிகள் இருக்கின்றன. வலி எங்கே தொடங்கி எங்கே பரவுகிறது, எந்த அசைவில் கூடுகிறது என்பதைக் கேட்டறிந்த பிறகே ஊசியின் இடம் முடிவாக வேண்டும்.

முதலில் ஃபேசட் மூட்டுகள். முதுகெலும்பின் பின்புறம், ஒவ்வோர் அடுக்கிலும் இரு பக்கமும் கட்டைவிரல் நகம் அளவில் அமைந்த சிறு மூட்டுகள் இவை. வயது ஏற ஏற முழங்கால் தேய்வதுபோல இவையும் தேய்கின்றன. இந்த வலி பெரும்பாலும் இடுப்பிலும் பிட்டத்திலும் தொடை மேற்பகுதியிலும் நின்றுவிடும். முழங்காலுக்குக் கீழே இறங்குவது அரிது. நெடுநேரம் நிற்கும்போதும், ஈரத் துணியைக் கொடியில் போட நிமிர்ந்து கையை உயர்த்தும்போதும் வலி கூடுவதாகப் பலர் சொல்வார்கள். ஒவ்வொரு ஃபேசட் மூட்டுக்கும் இரண்டு அடுக்குகளிலிருந்து மெல்லிய நரம்புக் கிளைகள் வருகின்றன. அதனால் ஒரு மூட்டைச் சோதிக்க இரண்டு இடங்களில் ஊசி போட வேண்டியிருக்கிறது. இந்த நரம்புகளின் பாதையைத் துல்லியமாக வரைந்து காட்டியவர்களில் ஆஸ்திரேலிய உடற்கூறியல் அறிஞர் நிகோலாய் போக்டக் முக்கியமானவர். இன்று ஊசி முனை எங்கே நிற்க வேண்டும் என்று நாங்கள் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்த வேலையை ஒட்டித்தான்.

அடுத்தது சாக்ரோஇலியாக் மூட்டு. முதுகெலும்பின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேரும் இடம். "எங்கே வலிக்கிறது?" என்று கேட்டால், இடுப்பின் ஒரு பக்கத்தில், பிட்டத்துக்குச் சற்று மேலே ஒரே விரலை வைத்துக் காட்டுவார்கள். எத்தனை முறை கேட்டாலும் அதே இடம். உட்கார்ந்து எழும்போதும் படி ஏறும்போதும் அதிகமாகும்.

மூன்றாவது நரம்பு வேர் வலி, நாம் சயாட்டிகா என்று சொல்வது. இடுப்பைவிடக் காலில்தான் வலி அதிகம் இருக்கும். மின்சாரம் பாய்வதுபோலப் பிட்டத்திலிருந்து பாதம் வரை இறங்கும், மரத்துப்போகும். இருமினால், தும்மினால் சுண்டி இழுக்கும். இதற்குத்தான் எபிடியூரல் ஊசி, அதாவது தண்டுவடத்தின் உறைக்கு வெளியே உள்ள இடத்தில் மருந்தைச் செலுத்துவது.

இந்த மூன்றில் எதிலும் சேராத வலியும் இருக்கிறது. இடுப்பில் தொடங்கி இப்போது உடம்பெங்கும் வலி, தூக்கம் இல்லை, தொட்டாலே வலிக்கிறது என்பவருக்கு நரம்பு மண்டலமே அதிக உணர்ச்சி நிலைக்குப் போயிருக்கலாம். அப்படிப்பட்டவருக்கு இடுப்பில் எந்த இடத்தில் ஊசி போட்டாலும் பெரிய பலன் இருக்காது.

எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் ஜவ்வு விலகல் தெரிகிறது. அதைப் பார்த்தே ஊசி போடக் கூடாதா?

ஸ்கேனை மட்டும் பார்த்துப் போடக் கூடாது. வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. அதன்படி, எந்த வலியும் இல்லாத 20 வயதினரில் 30 சதவீதத்தினருக்கு டிஸ்க் புடைப்பு இருந்தது. 80 வயதில் அது 84 சதவீதம். டிஸ்க் தேய்மானமோ 80 வயதில் 96 சதவீதத்தினருக்கு. தலைமுடி நரைப்பதை நோய் என்று யாரும் சொல்வதில்லை. ஸ்கேன் அறிக்கையில் வரும் பல சொற்களும் அப்படி வயதின் அடையாளங்களே.

ஸ்கேனில் தெரியும் இடமும், உங்கள் வலியின் பாதையும், பரிசோதனையில் தெரியும் அறிகுறிகளும் ஒன்றோடொன்று பொருந்தினால் மட்டுமே அந்த அறிக்கைக்கு மதிப்பு. ஃபேசட் வலியை உறுதிசெய்ய ஸ்கேன் போதாது என்பதால்தான் சோதனை ஊசி தேவைப்படுகிறது.

சோதனை ஊசியை ஏன் இரண்டு முறை போடுகிறார்கள்?

ஒரு முறை வலி குறைந்தது என்பதை மட்டும் நம்ப முடியாது என்பதால். ஊசி போட்டாயிற்று என்ற நம்பிக்கையே வலியைக் குறைக்கும். சில நேரம் மருந்து பக்கத்துத் தசைக்குப் பரவி அதனாலும் குறையும். ஒரே ஊசியை வைத்து முடிவெடுத்தால் 25 முதல் 40 சதவீதம் வரை தவறான முடிவு வரக்கூடும் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மருந்தின் அளவும் இதனால்தான் மிகக் குறைவு: ஒரு நரம்புக்கு அரை மில்லி அல்லது அதற்கும் கீழே. அதிகம் போட்டால் எந்த நரம்பு மரத்தது என்பதே குழம்பிவிடும்.

இதில் உங்கள் பங்கு பெரியது. ஊசிக்குப் பின் படுத்து ஓய்வெடுத்தால் சோதனையே வீண். எந்த வேலையில் வலிக்குமோ அதைச் செய்து பார்க்க வேண்டும். நிற்கும்போது வலிக்கிறது என்றவர் நிற்க வேண்டும், துணி காயப்போடும்போது வலிக்கிறது என்றவர் கையைத் தூக்கி நிமிர வேண்டும். அரை மணிக்கொரு முறை வலிக்குப் பூஜ்யம் முதல் பத்துக்குள் ஒரு மதிப்பெண் போட்டு, நேரத்தோடு தாளில் எழுதி வையுங்கள். "கொஞ்சம் பரவாயில்லை" என்ற பதிலைவிட, "11 மணிக்கு எட்டு, 12 மணிக்கு இரண்டு, மாலை 5 மணிக்கு மறுபடி ஏழு" என்ற தாள் எனக்குப் பல மடங்கு உதவும்.

ஊசி போடும் நாளில் என்ன நடக்கும்?

குப்புறப் படுக்கவைத்து வயிற்றுக்கு அடியில் தலையணை வைப்போம். இடுப்பின் உள்வளைவு நேராகி, எலும்புகளுக்கு இடையே வழி தெரியும். முதுகைக் கிருமிநாசினியால் துடைத்து, துவாரமுள்ள துணியால் மூடுவோம். தலைக்கு மேல் பெரிய வில்போல வளைந்து நிற்பது சி-ஆர்ம் என்ற எக்ஸ்ரே கருவி. ஊசி போகும் வழியை அதன் திரையில் பார்த்தபடியேதான் செலுத்துகிறோம். அந்தக் கருவியைச் சாய்த்து வைத்துப் பார்த்தால், முள்ளெலும்பின் நிழல் ஒரு சிறிய ஸ்காட்டி நாயின் உருவமாகத் தெரியும். ஃபேசட் நரம்புக்கான ஊசி அந்த நாயின் கண் இருக்கும் இடத்தில், எலும்பைத் தொட்டு நிற்க வேண்டும். ஊசி தொடும்போது "டொக்" என்று ஒரு தடை கையில் தெரியும். எபிடியூரல் ஊசி என்றால் முதலில் எக்ஸ்ரேயில் தெரியும் சாயத்தைச் சிறிது செலுத்தி, அது நரம்பை ஒட்டிப் பரவுகிறதா, ரத்தக் குழாய்க்குள் போகிறதா என்று பார்த்த பிறகே மருந்து போகும்.

மொத்தம் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். சில மணி நேரம் கவனித்துவிட்டு அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். கால் தற்காலிகமாக மரத்திருக்கலாம் என்பதால் துணைக்கு ஒருவர் வர வேண்டும். நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலும், முன்பு எந்த மருந்துக்காவது ஒவ்வாமை வந்திருந்தாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மயக்கம் கொடுப்பார்களா?

பெரும்பாலும் தேவையில்லை. தோல் மரத்துப்போகும் ஊசி மட்டும் சுருக்கென்று இருக்கும். நீங்கள் விழித்திருப்பதே பாதுகாப்பு: ஊசி நரம்பைத் தொட்டால் உங்களால் உடனே சொல்ல முடியும்.

பிரசவத்தின்போது முதுகுத்தண்டில் ஊசி போட்டதால்தான் எனக்கு இடுப்பு வலி வந்தது. மறுபடி அங்கேயே ஊசியா?

தமிழ்நாட்டில் பெண்களிடமிருந்து இந்தக் கேள்வி வராத நாளே இல்லை. சிசேரியனுக்குப் போட்ட ஊசியைப் பதினைந்து வருட இடுப்பு வலிக்குக் காரணமாகச் சொல்லி, அந்த அச்சத்தால் சிகிச்சையையே தள்ளிப்போட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஊசி போட்ட இடத்தில் சில நாட்கள் வலி இருப்பது உண்மை. ஆனால் பிரசவ வலியைக் குறைக்க எபிடியூரல் ஊசி போட்டுக்கொண்டவர்களையும் போட்டுக்கொள்ளாதவர்களையும் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில், நீண்டகால இடுப்பு வலியில் வேறுபாடு தெரியவில்லை. கர்ப்பகாலத்தில் இடுப்பின் தசைநார்கள் தளர்கின்றன, வயிற்றுத் தசைகள் விரிந்து வலுவிழக்கின்றன. பிரசவத்துக்குப் பின் அவை மீண்டும் வலுப்பெறப் பயிற்சி தேவை. அந்த நேரத்தில் கிடைப்பதோ, குனிந்து பால் கொடுப்பதும் குழந்தையை இடுப்பில் சுமப்பதும் தூக்கமின்மையும்தான். வலி அங்கிருந்து வருகிறது. பழி ஊசியின் மேல் விழுவதால், அந்தப் பெண்ணுக்குக் கிடைத்திருக்க வேண்டிய உடற்பயிற்சியும் ஓய்வும் பற்றி வீட்டில் யாரும் யோசிப்பதே இல்லை. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு.

ஸ்டீராய்டு உடம்புக்குக் கேடு இல்லையா? எனக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது.

ஒரு முறை போடும் ஸ்டீராய்டு, மாதக்கணக்கில் மாத்திரையாகச் சாப்பிடுவது போன்றதல்ல. ஆனாலும் சர்க்கரை ஏறும். சில நாட்கள், சிலருக்கு ஒரு வாரம் வரைகூட உயர்ந்திருக்கலாம். ஊசிக்கு முன்பே சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும். பிறகும் வீட்டில் அடிக்கடி பரிசோதித்து, தேவைப்பட்டால் மருந்தின் அளவை உங்கள் மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். முகம் சிவப்பது, ஓரிரு இரவு தூக்கம் வராமல் இருப்பது ஆகியவை தானாகச் சரியாகிவிடும். ஆண்டுக்கு மூன்று, நான்கு முறைக்கு மேல் ஸ்டீராய்டு ஊசி போடுவதை நான் ஏற்பதில்லை. முதல் ஊசியில் கொஞ்சமும் பலன் இல்லையென்றால், "மூன்று ஊசி ஒரு கோர்ஸ்" என்று தொடர்வதற்கும் எந்தக் காரணமும் இல்லை.

சோதனை ஊசிக்கு ஸ்டீராய்டு தேவையே இல்லை. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இதயத்துக்கு ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறேன். நிறுத்த வேண்டுமா?

நீங்களாக நிறுத்தவே கூடாது. எபிடியூரல் ஊசிக்கு முன் குளோபிடோக்ரெல் மாத்திரையை வழக்கமாக 7 நாட்களும், வார்ஃபரினை 5 நாட்களும் நிறுத்தச் சொல்வோம். இதய மருத்துவர் சம்மதித்தால் மட்டுமே. ஸ்டென்ட் வைத்துச் சில மாதங்களே ஆனவருக்கு, இடுப்பு ஊசிக்காக மாத்திரையை நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. ஊசிதான் காத்திருக்க வேண்டும். ஃபேசட் நரம்பு ஊசிக்குப் பெரும்பாலும் நிறுத்தத் தேவையில்லை.

கால் செயலிழந்துவிடும் என்கிறார்களே?

மிக அரிது. ஆனால் நடக்கவே நடக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2014இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், எபிடியூரல் ஸ்டீராய்டு ஊசிக்குப் பின் அரிதாகப் பார்வை இழப்பு, பக்கவாதம், செயலிழப்பு, மரணம் நேரலாம் என்று எச்சரித்தது. துகள்கள் உள்ள ஸ்டீராய்டு தவறுதலாகத் தண்டுவடத்துக்கு ரத்தம் கொண்டுசெல்லும் தமனிக்குள் போய் அடைத்துக்கொள்வது இதற்கு ஒரு காரணம். நரம்பு வெளிவரும் துவாரத்தின் வழியாகப் போடும் ஊசிக்குத் துகள் இல்லாத டெக்ஸாமெத்தசோனைத் தேர்ந்தெடுப்பது அதனால்தான். 2012இல் அமெரிக்காவில் பூஞ்சை கலந்த ஸ்டீராய்டு மருந்தால் 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கோளாறு ஊசி போட்ட முறையில் இல்லை. மருந்து தயாரித்த இடத்தின் சுத்தத்தில் இருந்தது. எக்ஸ்ரே வழிகாட்டுதலும் கிருமி நீக்கிய அறையும் இல்லாமல், கையால் தடவிப் பார்த்து நரம்பு வேருக்கு ஊசி போடுகிறேன் என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

நரம்பைச் சுடுவது என்கிறார்களே, அது என்ன?

இரண்டு சோதனை ஊசியிலும் வலி நன்றாகக் குறைந்தவருக்கு, அடுத்த கட்டமாக ரேடியோ அதிர்வெண் சிகிச்சை. அதே இடத்துக்கு வேறொரு ஊசியைச் செலுத்தி, அதன் முனையை 80 முதல் 90 டிகிரி வரை சூடாக்கி, ஒன்றரை நிமிட அளவில் வைத்திருப்போம். அந்த மெல்லிய நரம்புக் கிளை மட்டும் செயலிழக்கும். காலை அசைக்கும் நரம்பு இது இல்லை. அது அருகில் இல்லை என்பதைச் சூடாக்கும் முன் சிறு மின்தூண்டலால் உறுதிசெய்துகொள்வோம். முதல் ஓரிரு வாரம் எரிச்சல் இருக்கலாம். பலன் கிடைப்பவர்களுக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை நீடிக்கும். பிறகு நரம்பு மறுபடி வளரும், வலியும் திரும்பலாம். திரும்பச் செய்யவும் முடியும்.

உண்மையிலேயே இதற்கெல்லாம் ஆதாரம் இருக்கிறதா?

ஆதாரம் கலவையாகத்தான் இருக்கிறது. சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016இல், வெறும் இடுப்பு வலிக்கு முதுகு ஊசி வேண்டாம் என்றது. ஆனால் சோதனை ஊசியில் பலன் கிடைத்தவர்களுக்கு ரேடியோ அதிர்வெண் சிகிச்சையைப் பரிசீலிக்கலாம் என்றும், திடீரென வந்த கடுமையான சயாட்டிகாவுக்கு எபிடியூரல் ஊசியைப் பரிசீலிக்கலாம் என்றும் கூறியது. நெதர்லாந்தில் 681 பேரிடம் நடந்து 2017இல் வெளிவந்த ஆய்வுகளில், உடற்பயிற்சியோடு ரேடியோ அதிர்வெண் சிகிச்சை பெற்றவர்கள், உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு மேம்படவில்லை. முதுகுத்தண்டுக் குழாய் சுருங்கியவர்கள் 400 பேரிடம் நடந்து 2014இல் வெளிவந்த ஆய்வில், மரப்பு மருந்தோடு ஸ்டீராய்டு சேர்த்ததால் பெரிய நன்மை இல்லை. 2025இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழான பி.எம்.ஜே. வெளியிட்ட வழிகாட்டுதல் ஒரு படி மேலே போய், புற்றுநோய் தொடர்பில்லாத நாள்பட்ட முதுகு வலிக்கு இவ்வகை ஊசிகள் வேண்டாம் என்றே உறுதியாகச் சொன்னது. வலி மருத்துவச் சங்கங்கள் பல அதை மறுத்தன. சோதனை ஊசியால் சரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களையும் அப்படித் தேர்வு செய்யப்படாதவர்களையும் ஒரே கணக்கில் சேர்த்தால் பலன் மறைந்துபோகும் என்பது அவர்களுடைய வாதம்.

இந்த ஊசிகளைப் போடுகிறவன் நான் என்பதால், என் கருத்தை அந்தக் கண்ணோடு படியுங்கள். வாதத்தின் இரு பக்கமும் உண்மை இருக்கிறது. யாருக்கு வேண்டுமானாலும் போட்டால் ஊசி பயனற்றதுதான். ஆய்வுகள் அதைத் தெளிவாகக் காட்டிவிட்டன. காலில் இறங்கும் கடுமையான வலியால் தூங்க முடியாதவருக்கும், இரண்டு சோதனையிலும் தெளிவாகப் பலன் தெரிந்தவருக்கும் மட்டுமே நான் இதைப் பரிந்துரைக்கிறேன். அவர்களிடமும் வாக்குறுதி கொடுப்பதில்லை.

ஊசிக்குப் பிறகு எத்தனை நாள் படுத்திருக்க வேண்டும்?

அன்று ஒரு நாள் நிதானமாக இருந்தால் போதும். படுக்கை ஓய்வு இடுப்பு வலியை வளர்க்கும். வலி குறைந்திருக்கும் வாரங்களில்தான் நடக்க, வயிறு, முதுகுத் தசைகளுக்குப் பயிற்சி கொடுக்க, பயத்தால் நிறுத்திவிட்ட வேலைகளை மெல்லத் திரும்பத் தொடங்க முடியும். உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும், நாள்பட்ட இடுப்பு வலிக்கு உடற்பயிற்சி பரிந்துரைக்கப்பட்டிருக்கிறது. இடுப்பு பெல்ட்டும் எடை கட்டி இழுக்கும் சிகிச்சையும் வேண்டாம் என்று சொல்லப்பட்டிருக்கிறது. பிசியோதெரபிஸ்டைப் பார்க்கும் நாளை, ஊசிக்குத் தேதி குறிக்கும்போதே குறித்துவிடுங்கள்.

ஊசியைப் பற்றி யோசிக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியது எப்போது?

சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டால், மலம் கட்டுப்பாடு இல்லாமல் போனால், ஆசனவாயைச் சுற்றியும் தொடை இடுக்கிலும் மரத்துப்போனால், கால் பலம் வேகமாகக் குறைந்தால் அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். தாமதித்தால் நிரந்தரப் பாதிப்பு ஏற்படலாம். இரவில் விடாத வலியோடு காய்ச்சலும் எடைக்குறைவும் இருந்தால் முதுகெலும்புக் காசநோய், புற்றுநோய் ஆகியவற்றை முதலில் தேட வேண்டும். ஊசிக்குப் பிறகு காய்ச்சல், கடும் தலைவலி, கழுத்து இறுக்கம், கால் பலவீனம் வந்தாலும் காத்திருக்காதீர்கள்.

சோதனை ஊசி போட்டும் வலி குறையவே இல்லை. பணம் வீணாகிவிட்டதா?

இல்லை. அந்த மூட்டு உங்கள் வலிக்குக் காரணமில்லை என்று தெரிந்துவிட்டது. அந்த நரம்பைச் சுடும் செலவும் தொந்தரவும் உங்களுக்கு மிச்சம். அடுத்து சாக்ரோஇலியாக் மூட்டையும் இடுப்பு மூட்டையும் பரிசோதிக்க வேண்டும். தூக்கம், மனச்சோர்வு, வேலைப்பளு பற்றி நேரம் ஒதுக்கிப் பேச வேண்டும். வலி எழுதிய தாளைத் தூக்கிப் போட்டுவிடாமல் அடுத்த மருத்துவரிடமும் எடுத்துச் செல்லுங்கள். அதே இடத்தில் அதே ஊசியை மறுபடி போடச் சொன்னால், முதல் முறை பலன் இல்லாதபோது இரண்டாம் முறை எதை எதிர்பார்க்கிறீர்கள் என்று கேளுங்கள்.